தராசில் மாட்டிய தாலி

லிந்துலை
09.03.2025

அன்புள்ள தங்கச்சி கிருஷாந்திக்கு,

வெள்ளிக்கிழமை டிவி நாடகத்தில் நீ தாலியைக் கழற்றி, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசுக் கொக்கியில் மாட்டினாய். இங்கே அதைப் பார்க்காத வீடு இல்லை. நடந்தது இதுதான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நானும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி, மழை வந்தால் கூடுகிறது. நீயும் மாப்பிள்ளை நிரஞ்சனும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, உன் போன் ஓஃப். மாப்பிள்ளையின் போன் அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. அதனால் நம் மரக்கறி லொறியில் போகிற றோலண்டிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பேலியகொடை மார்க்கெட்டில் லொறி நிற்கிற இடம் உனக்குத் தெரியும். லீக்ஸும் கரட்டும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.

‘நாலாம் நம்பர் மலை’ நாடகத்தை இத்தனை நாளும் இங்கே பெருமையாகத்தான் பார்த்தோம். நம் தங்கச்சி டிவியில் கொழுந்து எடுக்கிறாள் என்று அண்ணி ஊரைக் கூட்டி வைத்துக் காட்டுவாள். வெள்ளிக்கிழமையும் பக்கத்து வீட்டு ஆட்கள் இருந்தார்கள். உன் புருஷனாக நடிக்கிறவன் முன்னால் நிற்கும்போதே நீ கழற்றினாய். கொக்கியில் மாட்டினாய். “எழுதுங்க ஐயா, எத்தன கிலோ?” என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாய். தராசு முள்ளைப் பெரிதாகக் காட்டினார்கள். அது அசையவில்லை. அண்ணி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஆட்கள் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் போனார்கள்.

சனிக்கிழமை நம் கடையில் இதே பேச்சு. “ஏங்க மொதலாளி, ஒங்க தங்கச்சி தாலிய நிறுத்தாங்களே, எங்க கணக்கப்புள்ளயா இருந்தா அதுலயும் ஈரம்னு சொல்லித் தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிருப்பாரே!” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, “இப்ப எங்கங்க முள்ளுத் தராசு? எல்லாம் நம்பர் தராசு. அதுகூடத் தெரியாம நாடகம் எடுக்குறாங்க” என்றாள். மூன்றாவது ஒருத்தி ஒன்றும் பேசாமல் பருப்பு வாங்கினாள். போகும்போது மட்டும் “அவங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டாள். நாடகத்துப் பெண்ணைக் கேட்டாளா, உன்னைக் கேட்டாளா தெரியவில்லை. “இருக்காங்க” என்றேன். சலூனில் ஆம்பளைகள் பேசுகிறதை எழுத மாட்டேன்.

பேச்சு எனக்குப் பெரிதில்லை. தம்பி திலக்ஷனின் கல்யாணம் யூன் எட்டாம் திகதி. அவனுக்கு ஒரே அக்கா நீ. முதல் முடிச்சை அவன் போட, மற்ற இரண்டும் நீ போட வேண்டியது. தாலியைக் கழற்றிக் காட்டின கை தாலி கட்டுவதா என்று பெண் வீட்டில் ஒரு வாய் திறந்தால் போதும். பரிசம் போட்ட கல்யாணம். யோசித்துப் பதில் எழுது.

மாப்பிள்ளை அந்த நாடகத்தைப் பார்த்தாரா? என்ன சொன்னார்?

உன் அண்ணன்
ஜீவராஜ்

*

வத்தளை
13.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு எண்ணெய் அனுப்புகிறேன், றோலண்ட் அண்ணனிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் நம்பரை யாரோ பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். முதல் நாள் திட்டினார்கள். இரண்டாம் நாள் என்ன விலை என்று கேட்டார்கள். அதோடு சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன். கொஞ்ச நாளைக்குக் கடிதமே நல்லது. கடிதம் என்றால் இரண்டு பேரும் சத்தம் போட மாட்டோம்.

திட்டுகிறவர்கள் மட்டும் இல்லை. புசல்லாவையிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். பேசவே இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். கடைசியில் “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

கதையில் அந்தப் பெண் தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுப்பதாகத்தான் எழுதியிருந்தார்கள். தராசு என்னுடைய யோசனை. டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. முள்ளுத் தராசு பழையது என்று எனக்கும் தெரியும். நம்பர் தராசில் பூச்சியம் வரும், பூச்சியம் கமராவில் எடுபடாது என்றார்கள்.

முடிச்சைப் பற்றி நீங்கள் இப்போதே கவலைப்பட வேண்டாம். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லையே.

மரக்கறி கிடைத்தது. ஒரு ஆளுக்கு இவ்வளவு லீக்ஸ் எதற்கு அண்ணா? பாதியைப் பக்கத்தில் கொடுத்தேன்.

அன்புத் தங்கை
கிருஷாந்தி

*

லிந்துலை
20.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எண்ணெய் வந்தது. மணம் பொல்லாதது, ஆனால் வலிக்குக் கேட்கிறது என்கிறாள் அண்ணி.

பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நாகலெட்சுமியம்மா அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். நான் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கடை வாசலில் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“வாங்க சம்பந்தியம்மா, ஏன் வெளியில நிக்கிறீங்க?”

“போணி ஆயிருச்சாங்க?”

“இன்னும் இல்ல.”

“அப்ப ஆகட்டும். நான் நிக்கிறேன். புருசன் இல்லாதவ மொதல்ல படி ஏறினா ஒங்க யாவாரத்துக்கு ஆகாது.”

ஒருவன் வந்து சவர்க்காரம் வாங்கிப் போன பிறகுதான் உள்ளே வந்தார். நான் அவரை வற்புறுத்தவில்லை. வியாபாரி, எனக்கும் போணி முக்கியம்.

உட்கார்ந்ததும் நேராகவே பேசினார். “மூணு முடிச்சையும் மாப்பிள்ளையே போட்டுக்கிறட்டும். இல்லாட்டி வேற யாராச்சும் பங்காளி மகள நிப்பாட்டுங்க. ஒங்க தங்கச்சி வேணாங்க.”

“அது நாடகந்தானே சம்பந்தியம்மா.”

“நாடகந்தான். கழட்டின கை நெசக் கைதானே?”

பிறகு சொன்னார். அவர் கல்யாணத்தில் முடிச்சுப் போட்டது அவருடைய நாத்தனார். அந்தப் பெண் அப்போதே புருஷனை விட்டு வந்தவள். அதை மறைத்து, கழுத்தில் ஒன்றைப் போட்டு மேடை ஏற்றியிருக்கிறார்கள். ஆறு வருஷத்தில் மரம் முறிந்து விழுந்து நாகலெட்சுமியம்மாவின் வீட்டுக்காரர் செத்துப்போனார். “அந்தக் கையத்தாங்க நான் இன்னிக்கும் திட்டுறேன். எம்மக சுதர்ஷினிக்கு அப்பிடி ஒரு கை வேணாம்” என்றார். அழவில்லை. விலை கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் இரண்டு கேள்வி. நாடகத்தில் தொங்கியது உன் சொந்தத் தாலி. ஹட்டனில் ஆசாரி பக்கத்தில் நின்று செய்வித்தவன் நான். ஒரு பக்கத்துப் பவளம் பெரிதாகப் போய்விட்டது என்று அன்றைக்கே அவரோடு சண்டை பிடித்தேன். அந்தப் பவளத்தை டிவியில் கண்டேன். நாடகக் கம்பெனியில் ஒரு பித்தளைத் தாலிக்குமா வழியில்லை?

இரண்டாவது, ஒரு ஆளுக்கு என்று ஏன் எழுதினாய்? மாப்பிள்ளை லீக்ஸ் சாப்பிடுவாரே.

உன் அண்ணன்
ஜீவராஜ்

*

வத்தளை
03.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மூன்று லொறிக்கு என்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்று கோபிக்க வேண்டாம். சூட்டிங் இருந்தது. நான் சுகமாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு முதலாம் தவணைப் பரீட்சை எப்படி?

கம்பெனி வைத்திருந்த தாலி கறுத்துப்போயிருந்தது. கிட்டத்தில் எடுத்தால் தெரியும் என்றார்கள். அதனால் என்னுடையதைக் கொடுத்தேன்.

நாடகத்துக்கு எதிராக டிவி சனலுக்கு நிறைய முறைப்பாடு போயிருக்கிறது. விளம்பரக்காரர்களும் பயப்படுகிறார்கள். புத்தாண்டுக்குப் பிறகு அந்தக் காட்சியைக் கனவு என்று மாற்றப்போகிறார்கள். அந்தப் பெண் தாலியோடு படுக்கையிலிருந்து எழும்புவாள். நான் நடித்துக் கொடுத்துவிட்டேன். எனக்கும் சம்பளம் வேண்டும்.

சுதர்ஷினியின் அம்மா சொல்வது எனக்கு விளங்குகிறது. யார் வேண்டுமானாலும் முடிச்சுப் போடட்டும். மண்டபத்தில் பின்னால் ஒரு இடம் இருந்தால் எனக்குப் போதும்.

ஒன்று மட்டும். திலக்ஷனுக்கு இன்னும் டை கட்டத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வேலைக்கு நேர்முகம் போன நாள் வரைக்கும் நான்தான் கட்டிவிட்டேன். வரவேற்புக்குக் கோட் போடுவான். யாராவது முன்கூட்டியே பழக்கிவிடுங்கள்.

அன்புத் தங்கை
கிருஷாந்தி

*

லிந்துலை
08.04.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். பிள்ளைகள் பாஸ். நீ சுகம் என்று எழுதுகிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

எனக்குச் சரக்கை மேலோட்டமாகப் பார்த்து வாங்கிப் பழக்கம் இல்லை. றோலண்டைப் பிடித்துக் கேட்டேன். முதலில் “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மொதலாளி” என்றான். மாதாவின் மேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். சொல்லிவிட்டான். போன வருஷம் ஆவணியிலிருந்து வேலைக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகளோடு நீ போர்டிங்கில் இருக்கிறாயாம். நம் வீட்டுப் பெட்டியை வாங்க மாப்பிள்ளை ஒரு நாளும் வந்ததில்லையாம். மொதலாளியிடம் சொல்லாதே என்று அவனைக் கேட்டுக்கொண்டாயாம். அவனைக் கோபிக்காதே.

ஏன் என்று கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்பேன்.

இப்போது காரியத்தைப் பேசுவோம். பெண் வீட்டாருக்கு இது தெரியாது. அவர்கள் நாடகத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். நாடகத்திலே அது கனவு என்று ஆகிவிட்டால், அக்கரப்பத்தனைக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. நான் போய்ப் பேசுவேன். நீ ஒரு நாளைக்குத் தாலியைப் போட்டுக்கொண்டு வா. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். காலையில் வந்து, முடிச்சுப் போட்டு, சாப்பிட்டு, அன்றைக்கே லொறியில் திரும்பலாம். கடைக்கு முன்னால் போர்டு மாட்டுகிறோமே, உள்ளே அந்தச் சாமான் முடிந்துபோய் இருந்தாலும் போர்டு தொங்குகிறதுதானே. அந்த மாதிரி நினைத்துக்கொள்.

அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை. புத்தாண்டுக்கு முறுக்கும் அதிரசமும் பெட்டியில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு அளவாகத்தான் வைத்தேன்.

உன் அண்ணன்
ஜீவராஜ்

*

வத்தளை
20.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டு உங்கள் எல்லோருக்கும் நல்லதாக இருக்கட்டும். முறுக்கு நல்ல பதம், அண்ணியின் கைதான்.

றோலண்ட் அண்ணன் ஒரு மோல்டட் பால்மா டின் தருவார். திறந்து பாருங்கள். தாலி இருக்கிறது. உங்கள் உழைப்பில் செய்தது, உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் மாப்பிள்ளை என்னை அடிக்கவில்லை. அதனால் யாரிடமும் சொல்வது கஷ்டமாக இருந்தது. நான் நடிக்கப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போகும்போது வெளியில் பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோவார். பின்னேரம் வந்து திறப்பார். சாப்பாடு எல்லாம் வாங்கி வைத்துவிட்டுத்தான் போவார். பக்கத்து வீட்டார் கேட்டால் நான் நித்திரை என்பார். ஒரு நாள் மேல் வீட்டில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. கட்டிடத்து ஆட்கள் எல்லோரும் ரோட்டில் நின்றார்கள். நான் கம்பி ஜன்னலுக்குள்ளே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயணைக்க வந்தவர்கள் பூட்டை உடைத்தார்கள். வெளியே வந்தவள் திரும்பப் போகவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் காட்சியில் நான் நடிக்கவில்லை, நிஜமாகவே கழற்றினேன் என்று எழுதினால் அதுவும் நாடகம் மாதிரி இருக்கும். நடித்தேன். மூன்று டேக் எடுத்தார்கள். முதல் டேக்கில் காற்றுக்கு முள் ஆடிவிட்டது.

கனவுக் காட்சிக்கு ஒரு பித்தளைத் தாலியைப் போட்டு எழும்பினேன். கம்பெனிக்காக ஒருமுறை போட்டாகிவிட்டது. உங்களுக்காகப் போட மாட்டேன் அண்ணா. ஒரு நாளைக்கும் இல்லை.

அன்புத் தங்கை
கிருஷாந்தி

*

லிந்துலை
27.04.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

டின் வந்தது. பால்மா என்று நினைத்து அண்ணிதான் திறந்தாள். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேஸ் வெடித்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். டின்னை அலுமாரியில் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். அது உன் பொருள். எப்போது வேண்டுமானாலும் எடு, என்ன வேண்டுமானாலும் செய்.

அலுமாரிக்குப் போகும் முன் நான் ஒரு வேலை செய்தேன். வெங்காயம் நிறுக்கிற தராசில் அதை வைத்துப் பார்த்தேன். பூச்சியத்திலேயே நின்றது. மூட்டை நிறுக்கிற தராசு, அப்படித்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திலக்ஷனிடமும் சொல்லிவிட்டேன். “அக்கா வரலன்னா எனக்கு யாரு டை கட்டுறது?” என்றான். வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கனவுக் காட்சியும் வந்துவிட்டது. ஊர் சந்தோஷப்படும் என்று நினைத்தேன். தலைகீழ். “கனவாமே! அதுக்கா நாங்க ஒரு மாசமா சண்ட புடிச்சோம்?” என்று கடையில் ஒரே சத்தம். தண்ணிக்குக் கழிப்பதைப் பற்றிச் சிரித்தாளே, அவள், “மொதல்ல பூரா எடையும் எழுதிட்டு, பெறகு சம்பளத் துண்டுல கொறைச்சுக் குடுக்குற மாதிரி இருக்குங்க” என்றாள். அன்றைக்குத் திட்டின ஆட்களே இன்றைக்குக் கனவையும் திட்டுகிறார்கள். சனத்துக்கு வியாபாரம் பண்ணுவது கஷ்டம்.

போர்டு மாட்டச் சொன்னது என் பிசகு இல்லை. அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது கணக்கு வேறு. நாகலெட்சுமியம்மாவிடம் கனவு என்று சொல்லிச் சமாளிக்கலாம். அது லேசான வழி. ஆனால் இருபது வருஷமாக அந்தம்மா ஒரு கையைத் திட்டிக்கொண்டிருப்பது, அன்றைக்கு யாரோ மறைத்ததால். அதே சரக்கை அதே ஆளிடம் நானும் மறைத்து விற்பதா? அழுகின கரட்டை அடியில் வைத்து மேலே நல்லதைப் பரப்புகிறவன் என்று மார்க்கெட்டில் என்னை ஒருவரும் சொன்னதில்லை.

ஆனால் இது என் விஷயம் இல்லை, உன் விஷயம். நீ சொன்னால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் பங்காளி மகள் ஒருத்தியை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எதுவானாலும் நேராக எழுது.

உன் அண்ணன்
ஜீவராஜ்

*

வத்தளை
01.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்.

சொல்லுங்கள்.

பின்னால் ஒரு இடம் போதும் என்று எழுதினேன். போதாது. எனக்கு அந்த முடிச்சுப் போட வேண்டும். அவன் என் தம்பி.

கிருஷாந்தி

*

லிந்துலை
13.05.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். நேற்று வெசாக் லீவு, கடை பூட்டு. அக்கரப்பத்தனைக்குப் போய்வந்தேன்.

வீட்டில் நாகலெட்சுமியம்மாவும் சுதர்ஷினியும்தான். பிளேன்டீயும் சீனியும் வந்தது. சுதர்ஷினி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவின் கீழ்ச் சந்தில் அவள் கால் தெரிந்தது, நான் தெரியாத மாதிரி இருந்தேன்.

“நாடகத்துல அது கனவுன்னு ஆயிருச்சே, பாத்தீங்களா?” என்று அம்மா ஆரம்பித்தார். நான் “ஆமாங்க, இனி பிரச்சினை இல்லையே?” என்று கேட்டால் முடிந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“கனவுன்னதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுங்க” என்றார் அவர்.

“ஏங்க, ஒங்களுக்குத்தான் அந்தக் காட்சி புடிக்கலயே?”

“புடிக்கலதான்.”

“எத்தன தடவ பாத்தீங்க?”

கதவுக்குப் பின்னாலிருந்து சுதர்ஷினிதான், “மூணு தரம். யூடியூப்ல போடச் சொல்லி” என்றாள்.

“புடிக்காததுக்கு எதுக்குங்க மூணு தரம்?”

“முள்ளு அசையுதான்னு பாத்தேன்” என்றார் நாகலெட்சுமியம்மா.

அப்போது சொல்லிவிட்டேன். பூட்டு, கேஸ், ஜன்னல், போர்டிங், டின் எல்லாம். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “அது கனவும் இல்ல, நாடகமும் இல்லங்க. எந்தங்கச்சி நெசமாவே கழட்டினவ. ஒங்க நாத்தனார் மாதிரித்தான். அத மறைச்சு மேடையேத்த எனக்கு இஷ்டமில்ல. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டேன்” என்றேன்.

ஆறிப்போன என் தேத்தண்ணியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார், “அப்ப முள்ளு அசையலங்கிறது நெசந்தானா?”

“நானும் கடைத் தராசுல வச்சுப் பாத்தேன். அசையல.”

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சேலையால் வாயை மூடிக்கொண்டு, “ஒங்களுக்கும் கிறுக்குத்தான் சம்பந்தி” என்றார். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “எங்க நாத்தனாருக்கும் ஏதாச்சும் ஒரு பூட்டு இருந்திருக்கும். நான் ஒரு நாளும் கேட்டதில்ல. திட்ட மட்டுந்தான் செஞ்சேன். அவளும் போய்ச் சேந்துட்டா” என்றார்.

நான் வியாபாரி. இளகின நேரத்தில் விலையைப் பேச வேண்டும். “அப்ப எந்தங்கச்சி முடிச்சுப் போடலாமா?”

“போடலாம். ஆனா சும்மா இல்ல.”

“என்ன வேணும்னு சொல்லுங்க. சேலையா? மண்டபச் செலவா?”

“நீங்க எல்லாத்தையும் கடையிலயே தேடுறீங்க” என்றார். “எம்புள்ளைய ஒத்த ஆளா வளத்தேன். பரிசத்தன்னிக்கு எங்க நின்னேன் தெரியுமா? வாசக்கதவுக்குப் பின்னால. கல்யாணத்துக்கும் அங்கதான். தாலி ஏறுறத நான் சனத்தோட முதுகுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கணும். ஒங்க தங்கச்சி மேடை ஏறினா நானும் ஏறுவேன். எம்மக பக்கத்துல நிப்பேன். என்னைய எறங்கச் சொல்ற ஆள்கிட்ட நீங்கதான் பேசணும். எங்க பக்கத்து ஆளா இருந்தாலும் சரி, ஒங்க பக்கத்து ஆளா இருந்தாலும் சரி.”

இப்படி ஒரு விலையை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழும்பினேன். கேட்க வேண்டிய ஆள் அண்ணி. சடங்கு விஷயத்தில் அவள் எப்படி என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணன்
ஜீவராஜ்

*

வத்தளை
18.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் போர்டிங்கில் இரண்டு பிள்ளைகளுக்கும் வாசித்தேன். “முள்ளு அசையுதான்னு பாத்தேன்” என்பதை டைரக்டரிடமும் சொன்னேன். அவர் உடனே எழுதி வைத்துக்கொள்ளப் பார்த்தார். வேண்டாம், அது நாடகத்துக்கு இல்லை என்றேன்.

அண்ணி ஒத்துக்கொள்ளாவிட்டால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் மேடை என்று வந்தால் என்னை விட்டுவிடுங்கள். அந்த அம்மாவை விட்டுவிடாதீர்கள். முடிச்சு எனக்கு வேண்டும் என்று எழுதியது உண்மைதான். அதையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போனுக்குப் புது நம்பர் எடுத்திருக்கிறேன். கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. திலக்ஷனுக்கும் கொடுங்கள்.

அன்புத் தங்கை
கிருஷாந்தி

*

லிந்துலை
27.05.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நம்பர் கிடைத்தது. திலக்ஷன் உன்னோடு பேசினதாகச் சொன்னான். ஆனாலும் பேசி முடித்ததைக் கடிதத்தில் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். பிறகு ஒருவரும் மாற்ற முடியாது.

அண்ணியிடம் கேட்டேன். எதிர்பார்த்ததுதான். “ஒருத்தி போதாதுன்னு ரெண்டு பேரா? எம்புள்ள மாதிரி வளந்தவன் அவன். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?” என்று பாத்திரத்தை எல்லாம் சத்தம் பண்ணி வைத்தாள். இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் வாய் திறக்கவில்லை. விலை படியாத நேரத்தில் பேசாமல் நிற்பதும் ஒரு பேச்சுத்தான். உன் கடிதத்தை மட்டும் மேசையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அண்ணி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் வாசிப்பாள்.

மூன்றாம் நாள் கோழிக் குழம்பு. பரிமாறிக்கொண்டே, “என்னைய விட்டுருங்கன்னு எழுதியிருக்காளே, அவளுக்கு என்ன அவ்வளவு பெரிய மனசு? எங்களுக்கெல்லாம் இல்லையாமா?” என்றாள். பிறகு, “எல்லாருக்கும் மேடையில எடம் குடுக்குறீங்க. நான் பதினெட்டு வருசமா ஒங்க வீட்டுக் கல்யாணம் எல்லாத்துலயும் அடுப்படியில நிக்கிறேன். முழங்காலு போச்சு. எனக்கும் ஒரு கதிர போடுங்க. மேடையிலயே. நான் ஒக்காந்துக்கிட்டுப் பாக்குறேன், எவ வந்து என்ன சொல்றான்னு” என்றாள்.

நேற்று அக்கரப்பத்தனைக்கு ஆள் அனுப்பாமல் நானே போனேன். அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் முறைத்தார்கள். பேசினேன். ஒருவர் சம்மதித்தார், மற்றவர் கல்யாணத்துக்கு வரமாட்டாராம். சரி, இலை ஒன்று மிச்சம் என்றேன். சுதர்ஷினி இந்த முறை கதவுக்கு முன்னால் வந்து நின்று, “அவங்க பேரு கிருஷாந்திதானே? அண்ணின்னு கூப்புடுறதா, அக்கான்னு கூப்புடுறதா?” என்று கேட்டாள். வரும்போது நீயே சொல்லிக்கொடு.

நானும் என் பக்கத்தில் ஒன்று கேட்டேன். நாகலெட்சுமியம்மா இனிக் கடைக்கு வந்தால் போணி ஆகிவிட்டதா என்று கேட்கக்கூடாது, நேரே உள்ளே வர வேண்டும் என்றேன். “யாவாரம் கெட்டா?” என்றார். “கெட்டா என் பாடு” என்றேன்.

நீ கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை றோலண்டோடு திரும்பி வருகிற லொறியில் ஏறு. முன் சீட் உனக்கு.

பேசி முடித்தது இவ்வளவு. யூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. நாகலெட்சுமியம்மா மேடையில், மகளுக்குப் பக்கத்தில், கடைசிவரை நிற்பார். அண்ணிக்கு அங்கேயே ஒரு கதிரை. உன் கழுத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்வது நான். திலக்ஷனுக்கு டை நீ கட்டுவாய். தாலிக்கு முதல் முடிச்சு அவன். மற்ற இரண்டும் உன்னுடையது.

உன் அண்ணன்
ஜீவராஜ்